எங்கள் அமைப்பாளர்களுக்கு நியமனக் கடிதம் எப்போது? தொழிற்சங்கத் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் தொழிற்சங்க சம்மேளனங்களின் மாநில நிர்வாகிகளுக்கு வணக்கம்.

எந்தச் சம்மேளனம் என்று சொல்லாமலே எழுதுகிறேன். என் கொடியின் நிறம் என்னவென்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு, இந்த மடலைப் படிக்க அது தேவைப்படாது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்பேட்டைகளில் சங்கம் கட்டுகிற எட்டு முழுநேர அமைப்பாளர்களுக்கு நான் பொறுப்பாளர். பதினோரு வருஷமாக இந்த வேலை.

இவர்களுக்கு நியமனக் கடிதமும் சரியான ஊதியமும் வேண்டும் என்பதைச் சங்கத்துக்குள்ளேயே பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசினேன். மூன்று கூட்டங்களில் எழுதியும் கொடுத்தேன். மூன்று தடவையும் நிகழ்ச்சி நிரலின் அடியில் ‘இதர’ என்ற தலைப்பில் போய் உட்கார்ந்தது. ‘இதர’ வருகிற நேரத்தில் வெளியூர்த் தோழர்கள் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள். அப்புறம் மற்ற சம்மேளனங்களில் இதே வேலை பார்க்கிறவர்களோடு டீக்கடையில் பேசினேன். அவர்களுடைய மனுக்களும் அதே ‘இதர’வில்தான் தூங்குகின்றன. அதனால்தான் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே மடல்.

2023 நவம்பர், நல்ல மழை. எங்கள் குழுவில் ஒருவர் வாலாஜாபாத் பக்கம் ஒரு வாடகை அறையில், பி ஷிப்ட் முடிந்து வந்த பையன்களைப் பார்த்துப் பேசிவிட்டு, இரவு ஒன்றரை மணிக்கு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார். முன்னால் போன கன்டெய்னர் லாரி இண்டிகேட்டர் போடாமல் ஒதுங்க, இவர் சாலையை விட்டு இறங்கி விழுந்தார். இடது காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் ‘ஈஎஸ்ஐ கார்டு இருக்கா?’ என்று கேட்டிருக்கிறார்கள். வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்ததாம். அந்த வட்டாரத்தில் சில நூறு பேருக்கு ஈஎஸ்ஐ பாரம் நிரப்பிக் கொடுத்த கை அவருடையது.

அவரிடம் கார்டு இல்லை. பி.எஃப். இல்லை. ஏழு வருஷம் முழுநேரமாக வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மாதம் 9,000 ரூபாய் ‘அலவன்ஸ்’, பெட்ரோலுக்குத் தனியாக 2,000. மூன்று ஆலைகளின் தொழிலாளர்கள் கேட்டில் துண்டேந்தி வசூல் செய்து ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினார்கள். மாநில மையத்திலிருந்து 5,000 ரூபாயும், விரைவில் நலம்பெற வாழ்த்தி ஒரு கடிதமும் வந்தன. கடிதத்தில் அவருடைய இனிஷியல் தப்பு.

24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளர் என்று சொல்லும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே இருக்கிறது. அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை கான்ட்ராக்டர்களை நாம் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு இழுத்திருப்போம்! கால் முறிந்து படுத்திருந்த நம் தோழருக்கு அந்த 480 நாள் கணக்கைப் போட்டால் சில முறை நிரந்தரமாகியிருப்பார். இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். நம் வக்கீல் தோழர் ஒருவர் நிதானமாகப் பதில் சொன்னார்: ‘பி.எஃப். சட்டம் 20 பேராவது இருந்தால்தான் தோழர். நம்ம ஆபீஸில் அத்தனை பேர் இல்லையே.’ சரியான பதில். இதே பதிலை ஒரகடத்தில் ஒரு லேபர் கான்ட்ராக்டர் என்னிடம் சொன்னபோது நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பத்து மத்திய தொழிற்சங்கங்கள் சேர்ந்து வைக்கும் கோரிக்கைப் பட்டியலில் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 26,000 ரூபாய் என்று இருக்கிறது. 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்துக்கு நாங்கள் ஒட்டிய போஸ்டர்களிலும் அந்த எண்தான். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ராத்திரி முழுக்க ஒட்டியவருக்கு 9,000. மனதில் கசப்பே வராமல் ஒட்டினார் என்பதுதான் ஆச்சரியம். 2023 ஏப்ரல் 21-இல் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறி, மே 1-இல் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அறிவித்ததே, அதற்கு நடுவிலிருந்த பத்து நாளும் ‘எட்டு மணி நேர வேலை எங்கள் உரிமை’ என்று கேட் கேட்டாகப் பேசிய எங்கள் ஆட்கள் தினமும் பதினாறு மணி நேரம் வேலை பார்த்தார்கள். போராட்டக் காலத்தில் அப்படித்தான் இருக்கும், அதில் குறையில்லை. போராட்டம் முடிந்த பிறகும் அப்படியே இருப்பதைத்தான் சொல்கிறேன்.

உங்களில் பலர் இந்த வேலையைச் செய்து மேலே வந்தவர்கள். ஆனால் நீங்கள் செய்த காலத்து ஆலை இப்போது இல்லை. அம்பத்தூரிலோ பெரம்பூரிலோ ஷிப்ட் விட்டால் தொழிலாளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வருவார், டீக்கடையில் நிற்பார், நோட்டீஸை வாங்குவார். இங்கே கேட் என்பது பஸ் நுழைகிற வழி, அவ்வளவுதான். அரக்கோணத்திலும் செய்யாறிலும் வந்தவாசியிலும் ஏறுகிற ஆள், கம்பெனி வளாகத்துக்குள் போய்த்தான் கீழே இறங்குகிறார். திரும்பும்போதும் அதே கதை. கேட்டில் கேமரா இருக்கிறது. நோட்டீஸ் வாங்கியவர் யார் என்று மறுநாள் எச்.ஆருக்குத் தெரியும். எனவே கேட் மீட்டிங் என்பது ஏற்கெனவே சங்கம் இருக்கிற இடத்தில் பலத்தைக் காட்டுவதற்குத்தான். புதிதாகச் சங்கம் கட்ட அது உதவாது.

அப்படியானால் எங்கே பிடிப்பது? ஒரு புதிய ஆலையை எடுத்தால் எங்கள் ஆட்கள் முதலில் தயாரிப்பது பஸ் ரூட் பட்டியல். எந்த ரூட்டில் எத்தனை வண்டி, எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர், எந்த ஷிப்ட். அப்புறம் ஊர்வாரியாக ஒரு பட்டியல். அப்புறம்தான் ஆலைக்குள் எந்த லைனில் யார் என்பது. ஒரு நிறுத்தத்தில் ஒரு சலூன் கடைக்காரர், இன்னொன்றில் ஒரு மெஸ் நடத்தும் அம்மா, வேறொன்றில் கபடிக் குழு, இப்படி யாரையாவது பிடித்துத்தான் முதல் ஆளைப் பார்க்க முடியும். அந்த முதல் சந்திப்பில் சங்கம் என்ற வார்த்தையே வராது. அவர் பேசுவார், நாம் கேட்க வேண்டும். சூப்பர்வைசரைப் பற்றி, கேன்டீன் சாம்பாரைப் பற்றி, கழிப்பறைக்குப் போக ரிலீவர் வராததைப் பற்றி, தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காததைப் பற்றி. நாலாவது சந்திப்பில் அவரே ‘இதுக்கு என்னண்ணா செய்யலாம்?’ என்று கேட்டால் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கேட்கவில்லையென்றால் ஐந்தாவது தடவை போக வேண்டும்.

இருபது நம்பகமான பெயர் சேர ஆறு மாதம் ஆகிறது. சில இடத்தில் ஒரு வருஷம். அந்த ஆறு மாதத்துக்கும் எங்கள் மாதாந்திர அறிக்கைப் படிவத்தில் எழுத எதுவும் இருக்காது. படிவம் கேட்பது: புதிய உறுப்பினர் எத்தனை, சந்தா எவ்வளவு, பத்திரிகை எத்தனை பிரதி, ஆர்ப்பாட்டம் எத்தனை, கலந்துகொண்டவர் எத்தனை. ஐந்துக்கும் பதில் பூஜ்ஜியம். ஆறு மாதம் தொடர்ந்து பூஜ்ஜியம் எழுதியவரைப் பார்த்து மாவட்டக் கூட்டத்தில் ‘தோழர் வேலை பார்க்கிறாரா இல்லையா?’ என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து அவர் என்ன செய்வார்? ஏற்கெனவே சங்கம் இருக்கிற ஆலைக்குப் போய் ரசீதை வெட்டிக்கொண்டு வந்துவிடுவார். படிவம் நிரம்பும்.

இதில் என் கை சுத்தமில்லை. ஒரு மாநாட்டுக்கு முன்னால், எங்கள் மண்டல இலக்கு எட்டவில்லை என்று, நின்றுபோன சந்தாக்களையும் நடப்பில் இருப்பதாகக் காட்டி எழுதினேன். மேடையில் கைதட்டினார்கள். இலக்கு இலக்கு என்று நான் வாட்ஸ்அப்பில் விரட்டியதால் ஓர் இளம் பெண் அமைப்பாளர் எட்டே மாதத்தில் விலகிப் போனார். போகும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: ‘நான் வேலை பார்த்த கம்பெனியிலும் இப்படித்தான் சார் போர்டுல டார்கெட் எழுதுவாங்க.’ தோழர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அன்றைக்கு சார் என்றார்.

அவர் போனதன் விலையை இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2021 டிசம்பரில், ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின, ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது, விடுதி நிலைமையைப் பற்றி ஆப்பிள் நிறுவனமே பேச வேண்டி வந்தது. நாங்கள் அந்த நெடுஞ்சாலையிலேயே குடியிருக்கிறவர்கள். அன்றிரவு எங்கள் எட்டுப் பேரின் ஃபோனிலும் அந்த விடுதிகளில் தங்கியிருந்த ஒரு பெண்ணின் நம்பர்கூட இல்லை. ஓடிப் போய் நின்றோம், அறிக்கை விட்டோம். அவர்களாகவே எழுந்தார்கள், அவர்களாகவே உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஏழு பேர், பெண் ஒருவர் என்று குழு வைத்துக்கொண்டு, வார்டன் காவலிருக்கும் பெண்கள் விடுதிக்குள் எப்படிப் போவது? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடைவீதிக்கு வரும்போது கூடப் போய் வளையல் பேரம் பேசத் தெரிந்த ஆள்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். அப்படிப்பட்டவரை 9,000 ரூபாய்க்கும், இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்ப வண்டி ஏற்பாடே இல்லாத ஒரு வேலைக்கும் கூப்பிட்டால், எந்த வீட்டில் அனுப்புவார்கள்?

திண்டுக்கல் பக்கம் நடந்ததை நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். 2021 ஜனவரியில் ஓர் ஆடை ஆலையின் தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். கொன்றதாகக் கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அந்த ஆலையில் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, பெண்களே முன்னின்று நடத்தும் சின்னச் சங்கம் இருந்தது. அவர்கள் 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தையும், அதனிடம் துணி வாங்கும் எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளையும் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தைப் போட வைத்தார்கள். பாலியல் தொல்லையைத் தடுக்க லைனிலேயே வேலை செய்யும் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, கண்காணிக்க வைப்பது அந்த ஒப்பந்தத்தின் முதுகெலும்பு. நம் பெரிய சம்மேளனங்கள் எதுவும் அதில் கையெழுத்துப் போட்ட தரப்பாக இல்லை. அவர்களிடம் நம்மைவிட ஆள் குறைவு, பணம் குறைவு. ஆனால் அந்த ஊர்களில், அந்தச் சேரிகளில், அந்த வீடுகளில் வருஷக்கணக்காகப் போய் வந்தவர்கள் அவர்கள்.

சாம்சங் போராட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள். போலீஸ் பந்தலைப் பிரித்தது, கைது செய்தது, மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். நிறுவனத்தின் பெயரைச் சங்கத்தின் பெயரில் வைக்கக் கூடாது என்ற ஆட்சேபத்தால் பதிவு இழுத்தடிக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. அந்தப் பந்தலுக்கு வந்து பேசாத தலைவர் இல்லை. பேசிவிட்டுப் போகும்போது ஒரு தலைவர் என் தோளில் கை போட்டு, ‘உங்க ஏரியாவுல அடுத்தது எங்க தோழர்? சீக்கிரம் ஒண்ணு காட்டுங்க’ என்றார். ஆசையில் சொன்னதுதான், எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் சம்பளம் இல்லாமல் உட்காரத் தயாரான ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செப்டம்பர் 9 காலையில் முளைத்து வந்தவர்களா? வீட்டு வாடகை, நகைக் கடன், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், இதையெல்லாம் தாண்டி ஒருவர் வந்து உட்காருகிறார் என்றால், அதற்கு முன் எத்தனை இரவு எத்தனை அறையில் பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த மறதி நமக்குப் புதிதல்ல. 1918 ஏப்ரல் 27-இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம், அதன் தலைவர் வாடியா, திரு.வி.க. என்று வகுப்பெடுக்கும்போதெல்லாம் சொல்கிறோம். வாடியாவை பெரம்பூருக்குக் கூட்டிவந்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். ஆன்மிகச் சொற்பொழிவு நடத்தும் ஒரு சபையை வைத்திருந்தவர்கள். பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சொற்பொழிவு கேட்க அங்கே வருவார்கள், வந்த இடத்தில் ஆலைக்குள் படும் பாட்டையும் சொல்வார்கள். கேட்டுக்கொண்டவர்கள் இந்த இருவர். இன்றைய வார்த்தையில் சொன்னால் அவர்கள்தான் அமைப்பாளர்கள், மேடைக்கு ஆள் தேடிப் போனதும் அவர்களே. நம் மண்டல வகுப்பில் இந்த இரண்டு பெயரைக் கேட்டேன். முப்பது பேரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது, அவரும் பெரம்பூர்க்காரர்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. நாம் எதிர்க்கிறோம், எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் எதிர்த்துக்கொண்டே அதற்குள் வேலை பார்க்கவும் வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கு மேல் சங்கம் உள்ள ஆலையில் 51 சதவீதம் இருந்தால்தான் தனித்துப் பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழுவில் ஓர் இடம் வாங்கவே 20 சதவீதம் வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு எல்லா ஆலையிலும் 14 நாள் முன்னறிவிப்பு. பாதிப் பேர் சேர்ந்து கேஷுவல் லீவ் போட்டால் அதுவும் வேலைநிறுத்தம். பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் ஒப்பந்தப் பிரிவுகளை டுவெல்வ்-த்ரீ, எய்ட்டீன்-ஒன் என்று பேசிப் பழகிய நம் நாக்குக்கு இனி பிரிவு எண்களே புதிது. இந்த நிலைமையில், போன வருஷம் கட்டி இந்த வருஷம் நிறுத்திவிட்ட சந்தாவையும் சேர்த்து எண்ணுகிற பழக்கம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும்? சரிபார்க்கிற நாளில் நேரில் நின்று ‘ஆமாம், நான் இந்தச் சங்கம்’ என்று சொல்கிற ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. எங்கள் பகுதி ஆலைகளில் லைனில் நிற்பவர்களில் கான்ட்ராக்ட், அப்ரண்டிஸ், டிரெய்னி, எஃப்.டி.இ. (குறித்த கால ஒப்பந்தத் தொழிலாளர்) என்று நாலு நிறத்தில் ஐடி கார்டு. பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே போல்ட்டை முறுக்குகிறார்கள். நம் ஆலைச் சங்கங்கள் பலவற்றின் விதிமுறையில் உறுப்பினராக நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டுமே இடம். ஊதிய ஒப்பந்தம் முடிந்து பட்டாசு வெடிக்கும்போது கான்ட்ராக்ட் பையன்கள் ஓரமாக நின்று பார்க்கிற காட்சியை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். லட்டு கொடுப்போம். வாங்கிக்கொள்வார்கள்.

அவர்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். எங்கள் குழுவில் ஒருவர் மெஸ்ஸில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுச் சாப்பிட்டே இந்தி கற்றுக்கொண்டார். இந்தியில் ஒரு நோட்டீஸ் போடலாம் என்று எழுதிக் கேட்டதற்கு, அது அரசியல்ரீதியாகச் சரியாக வருமா என்று யோசித்துச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. இரண்டு வருஷமாக யோசனை நடக்கிறது. இந்தித் திணிப்பை எதிர்ப்பதில் நான் யாருக்கும் பின்னால் நிற்பவனில்லை. பாலாசோரிலிருந்து வந்த பையனுக்கு அவனுடைய ஓவர்டைம் கணக்கைப் புரியவைப்பதை அதோடு குழப்பிக்கொள்வானேன்? ஒடியாவில் போடலாம் என்றாலும் சரிதான், எழுதத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அனுப்பி வையுங்கள்.

பணம் எங்கே என்பதுதான் உங்கள் கேள்வி. நானும் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தொழிற்சங்கச் சட்டத்தில் 2001-இல் வந்த திருத்தம், ஆலைத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சந்தாவாக வைத்தது வருஷத்துக்கு 12 ரூபாய். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து நமக்கும் சந்தா கேட்கக் கூச்சம் வந்துவிட்டது. எங்கள் மண்டலத்தில் ஒழுங்காகச் சந்தா கட்டுகிறவர்கள் சுமார் 6,000 பேர், மாதம் 30 ரூபாய். ஆக 1,80,000. அதில் மண்டலத்தில் தங்குவது கால்வாசி, 45,000. எட்டுப் பேரின் அலவன்ஸ் மட்டும் 72,000. மீதிக்கு மாதா மாதம் மையத்தின் கையை எதிர்பார்க்க வேண்டும். சந்தாவை 50 ரூபாயாக்கி, பாதியை மண்டலத்திலேயே விட்டால் ஒன்றரை லட்சம் நிற்கும். 26,000 வராது, உண்மைதான். பெட்ரோல் போக ஆளுக்கு 16,000-மும் ஒரு விபத்துக் காப்பீடும் வரும். அப்புறம் ஒவ்வொரு ஊதிய ஒப்பந்தத்திலும் அரியர் பணத்திலிருந்து நாம் லெவி வாங்குகிறோம் அல்லவா, அதில் ஒரு பகுதியை அமைப்பாளர் நிதி என்று தனிக் கணக்கில் வைத்தால் மீதித் தூரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடக்கலாம்.

50 ரூபாய் கேட்டால் தொழிலாளி தரமாட்டார் என்கிறீர்கள். கேட்டுப் பார்த்தோம். 140 பேர் வேலை செய்யும் ஒரு வெண்டர் கம்பெனியில், சங்கம் வந்து மூன்று வருஷம், லைனில் இருக்கும் ஓர் அம்மா ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி சம்பளம் விழுந்ததும் நோட்டோடு சுற்றி வருவார். ஜிபேயில் அனுப்பிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், ‘அனுப்பு, ஆனா என்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போ’ என்பார். அந்த இரண்டு நிமிஷத்தில் அந்த மாதத்துப் பிரச்சினை எல்லாம் நோட்டின் பின்பக்கத்தில் ஏறிவிடும். அங்கே மாதம் 60 ரூபாய், பாக்கி கிடையாது. எங்கள் அமைப்பாளர் அங்கே போய் நான்கு மாதம் ஆகிறது. போக வேண்டிய அவசியமே வரவில்லை. இதை எழுத நம் அறிக்கைப் படிவத்தில் எந்தக் கட்டமும் இல்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் எங்களிடம் உண்டு. 900 பேர் வேலை செய்யும் ஓர் ஆலை. நான்கு வருஷ உழைப்பு, பதிவு, 42 நாள் பேச்சுவார்த்தை, நல்ல ஒப்பந்தம். கொடியேற்றி ஒரு மாதத்தில் அந்த அமைப்பாளரைத் தேர்தல் வேலைக்கு எடுத்துக்கொண்டீர்கள். அது முடிந்ததும் மாநாட்டு நிதி வசூல். அது முடிந்ததும் வேறு மாவட்டம். ஆலைக்குள் இருந்த நிர்வாகிகள் புதுசு. சங்கம் என்றால் ஒப்பந்தம், ஒப்பந்தம் முடிந்தது, வேறென்ன வேலை என்று நினைத்தவர்கள். ஒருவருக்கு சூப்பர்வைசர் பிரமோஷன், இருவருக்கு வேறு பிளான்ட். இரண்டாவது வருஷம் நிர்வாகமே ஒரு கமிட்டி போட்டுக்கொண்டது. இன்று அங்கே நம் கொடிக்கம்பம் மட்டும் இருக்கிறது. சுண்ணாம்புகூட அடிக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். முழுநேர அமைப்பாளர் ஒவ்வொருவருக்கும் வேலை, ஊதியம், விடுமுறை எழுதிய ஒரு நியமனக் கடிதம் கொடுங்கள். ஒரு பகுதியில் போட்டால் மூன்று வருஷத்துக்கு அவரைத் தொடாதீர்கள், தேர்தல் வந்தாலும் சரி. அறிக்கைப் படிவத்தில் ‘அமைப்பாளர் இல்லாமல் கூட்டம் நடத்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்’ என்று ஒரே ஒரு கட்டம் சேருங்கள், மற்ற ஐந்தையும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எடுக்கிற நான்கு அமைப்பாளர்களில் மூன்று பேர் பெண்களாக, அவர்களில் ஒருவராவது அந்தப் பெண்கள் விடுதிகளில் தங்கியிருந்தவராக இருக்கட்டும். எங்கள் எட்டுப் பேரில் இரண்டு பேர் சங்கம் கட்டியதற்காக டிஸ்மிஸ் ஆனவர்கள். லேபர் கோர்ட் வழக்கு வருஷக்கணக்கில் வாய்தாவில் ஓடுகிறது. பொண்ணு பார்க்கப் போன இடத்தில் ‘மாப்பிள்ளை என்ன செய்றார்?’ என்று கேட்டால் சொல்வதற்கு அவர்களிடம் பதில் இல்லை. கையில் ஒரு கடிதம் இருந்தால் காட்டுவார்கள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, வீடு ஓடுகிறது. அந்த வசதி இருப்பதால்தான் பதினோரு வருஷம் இந்தப் பொறுப்பில் நீடிக்க முடிந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தியாகம் என்று மேடையில் என்னைப் பாராட்டும்போது அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த மாநிலக் குழுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்று அழைப்பு வந்திருக்கிறது. இந்த முறை இந்த விஷயம் இரண்டாவது அம்சமாக, அஞ்சலித் தீர்மானத்துக்கு அடுத்ததாக இருக்க வேண்டும். கால் முறிந்த தோழரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மாடியில் கூட்டம் வைக்காதீர்கள், அவருக்கு இன்னும் படியேறக் கஷ்டமாக இருக்கிறது.

தோழமையுடன்,
ஒரு மண்டலப் பொறுப்பாளர்,
ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம்